நாகசுரத்தின் உடலும் சிராங்கூன் சாலையும்

தைப்பூச நாளில் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, டேங்க் ரோட்டிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைச் சென்று சேரும் காவடி ஊர்வலத்தை அறியாதார் சிங்கப்பூரில் இலர். அவ்வூர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு 1973ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. போட்டிக் குழுக்களிடையே சண்டைகள் மூண்டு ஊர்வலம் தடைப்பட்டதே அதற்குக் காரணம் என்று அதிகாரிகள் கூறினர். கோயில் வளாகத்துக்குள் நாகசுரமும் தவிலும் முழங்கலாம். சாலையில் நடக்கும் காவடிக்கு முன்னே முழங்கலாகாது. அச்சண்டைகளுக்கு நாகசுரக்காரர் காரணர் என்று எவரும் சொன்னதில்லை. ஆயினும், விதி என்பது கருவிக்குக் கருவி வேறுபாடு பார்ப்பதில்லை.

விதி ஒருபுறம் இருக்க, அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய நகரத்தில் நாகசுரத்தைக் குறித்து அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. இதனைச் சற்று மெல்ல வாசித்தால் என்ன? கேட்பவர் இசைப்பகைவர் அல்லர். பெரும்பாலும் மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்து, பக்கத்து உறவினரிடம் ஒரு சொல் பேச விழைபவரே. இவ்வினாவுக்கு விடை வாசிப்பவரின் மனப்பாங்கில் இல்லை. கருவியின் உறுப்புகளிலும் அவை அவ்வாறு அமைந்த வரலாற்றிலுமே அது இருக்கிறது.

நாகசுரத்தின் உயிர் சீவாளி. ஆற்றங்கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, இரு இதழ்கள் ஒன்றோடொன்று முகம் பொருந்துமாறு அமைத்து, நூலால் கட்டி, கெண்டை எனப்படும் சிறிய உலோகக் குழாயின்மேல் பொருத்துவர். காவிரிப் படுகையில், குறிப்பாகத் திருவாவடுதுறையில், இத்தொழில் தலைமுறைகளாக நடந்து வருகிறது. காண்பதற்கு விரல்நுனி அளவே உள்ள இப்பொருளின் தடிப்பில் மயிரிழை வேறுபாடு நேர்ந்தாலும் சுருதி மாறும், குரல் மாறும், ஊதுவதற்கு வேண்டிய மூச்சும் மாறும். தடித்த சீவாளி கணீரென்று பேசும், ஆனால் நெஞ்சை வருத்தும். மெல்லியது எளிதில் பேசும், ஆனால் மேல் ஸ்தாயியில் பிசிறும். நாகசுரத்தின் கழுத்தில் தொங்கும் சீவாளிக் கொத்தையும் அதனோடு தொங்கும் தந்த ஊசியையும் அணிகலன் என்று எண்ணுவோர் உளர். அவை பணிமுட்டுகள். இதழ்களின் வாயை ஊசியால் சற்றே விரித்தும், வாய்நீரால் நனைத்தும், ஒன்று ஒத்துவராதபோது மற்றொன்றை மாட்டியும் வாசிப்பவர் தம் கருவியைக் கச்சேரி நடக்கும்போதே சீர் செய்து கொள்கிறார். கருவியின் மிக முக்கியமான உறுப்பு, நிலையற்றதும் விரைவில் அழிவதும் ஆகும் என்பது இதன் விந்தை.

மெல்ல வாசித்தல் ஏன் அரிது என்பதும் இந்தச் சீவாளியிலேயே விளங்கும். இரு இதழ்களும் மூச்சின் அழுத்தத்தால் மூடித் திறந்து அதிர வேண்டும். அழுத்தம் ஒரு வரம்பைத் தொடும்வரை இதழ்கள் அசைவதில்லை. காற்று சீறி வெளியேறும், அவ்வளவே. வரம்பைத் தாண்டிய கணமே முழுக்குரல் எழுகிறது. புல்லாங்குழலிலும் வீணையிலும் தொடங்குவதுபோல் மௌனத்தின் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகக் குரலை வளர்த்துக்கொண்டு வருவது இங்கே இயலாது. தேர்ந்த கலைஞர் ஓரளவு தணித்து வாசிப்பர்; அந்த அளவுக்குக் கீழே கருவி ஊமையாகிவிடும்.

சீவாளி எழுப்பும் அதிர்வை வளர்ப்பது உலவு எனப்படும் நீண்ட மரக்குழல். மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும் கூம்பு வடிவில் அதன் உட்புறம் குடையப்படுகிறது. இக்கூம்பு அமைப்பினால்தான் அதே விரலமைப்பில் மூச்சை மிகுத்து ஊதும்போது சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. அடியில் விரிந்த வாயாகிய அணசு ஓசையை வெளிக்காற்றில் செலுத்துகிறது. முன்புறம் விரல் வைக்கும் துளைகள் 7. அவற்றுக்குக் கீழே விரல் படாத துளைகள் 5 உண்டு. வேண்டும்போது மெழுகால் அடைத்துச் சுருதியைத் திருத்தவே அவை. மேனாட்டுக் குழற்கருவிகளில் உள்ளதுபோல் சாவிகள் கிடையா. 7 துளைகளைக்கொண்டு எல்லாச் சுரங்களையும், அவற்றுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகங்களையும் பிறப்பிக்க வேண்டுமாயின், துளையைப் பாதி மூடுவதும், மூச்சைக் கூட்டிக் குறைப்பதும், சீவாளியை உதட்டால் இறுக்கி நெகிழ்த்துவதும் ஒருங்கே நிகழ வேண்டும். சாவி இல்லாமை குறை என்று சிலர் எழுதியதுண்டு. ஆனால் சாவி பொருத்தியிருந்தால் தோடியின் காந்தாரம் அசையுமா என்பதை அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

உலவுக்கு ஆச்சா மரமே சிறந்தது என்பது மரபு. அதிலும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவர். பல்லாண்டு வெயிலும் காற்றும் பட்டு ஈரம் வற்றிய மரம், குடைந்தபின் வளையாது, பிளக்காது என்பதே காரணம். மரத்தின் இனமே நாதத்தைத் தருகிறது என்ற நம்பிக்கையும் உண்டு. இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லால் ஆன நாகசுரங்கள் உள்ளன. கல்லும் நாகசுரமாகவே ஒலிக்கிறது என்றால், குரலை முதன்மையாக வரையறுப்பது உட்குடைவின் வடிவமும் துளைகளின் இடமும் அளவுமே எனல் வேண்டும். மரத்தின் சிறப்பு அவ்வடிவத்தை மாறாமல் காத்து நிற்பது. அதுவும் சிறிய சிறப்பன்று.

இக்கருவி என்றும் இன்றுள்ள உருவில் இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெருவழக்காக இருந்தது திமிரி நாயனம். அது குட்டையானது; 4 கட்டை முதல் 5 கட்டை வரையான உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. தெருவில் சுவாமி புறப்பாட்டின்போது, கூட்டத்தின் ஆரவாரத்தையும் வெட்டவெளியின் பரப்பையும் கடந்து கேட்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூரிய குரல் பொருந்தியது. இரவெல்லாம் நான்கு வீதிகளிலும் நின்று நின்று இராகம் வாசித்த காலத்தில், அடுத்த தெருவில் இருப்பவனுக்கும் புறப்பாடு எங்கே வருகிறது என்பதைத் திமிரியே தெரிவித்தது.

நீளமும் தாழ்ந்த சுருதியும் உடைய பாரி நாயனத்தைப் பரவலாக்கிய பெருமை திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையையே சாரும். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அப்பேரறிஞர் நாகசுரத்தைத் தெருவிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏற்றியவர். 2 கட்டை, 2½ கட்டைச் சுருதியில் அமைந்த பாரியில், நாகசுரத்தின் குரல் மனிதக் குரலுக்கு அருகில் வந்தது. விரிவான ஆலாபனையை மணிக்கணக்கில் கேட்பதற்குச் செவி இடங்கொடுத்தது.

இம்மாற்றத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4½ கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்குவதென்றால் நான்கு அரைச்சுரங்கள் இறங்குவதாகும். அதிர்வெண் 5இல் ஏறத்தாழ 4 பங்காகக் குறையும். அதற்கேற்பக் குழலின் நீளம் ஏறத்தாழ கால் பங்கு கூட வேண்டும். நீளம் கூடினால் துளைகளும் ஒன்றையொன்று விட்டு விலகும். திமிரியில் பழகிய விரல்கள் பாரியில் கால் பங்கு அகன்று நிற்க வேண்டும். நிரப்ப வேண்டிய குழலும் பெரிது. எனவே மூச்சும் மிகுதியாக வேண்டும். கேட்பவர் பெற்ற இனிமைக்கு வாசிப்பவரின் விரலும் நெஞ்சும் விலை கொடுத்தன. இன்றும் சிறுவர்க்குப் பயிற்சி தரும் ஆசிரியர் கைவிரலின் நீளத்தை முதலில் பார்ப்பது இதனாலேயே.

நீளம் மட்டும் அன்று, துளையின் இடமும் சிக்கலாக இருந்தது. பழைய குழலில் மத்திமம் பிரதிமத்திமத்தின் பக்கம் சாய்ந்தே ஒலித்தது. சுத்தமத்திமம் வேண்டிய இராகங்களில், வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அச்சுரத்தைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட தோடியோ சுத்தமத்திம இராகம். கருவி விரும்பாத சுரத்தைக் கருவியிடம் ஒவ்வொரு முறையும் போராடிப் பெற்றே அவர் அந்தத் தோடியை வாசித்து வந்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகிறது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆச்சாரி, 1950களின் நடுவில், அளவுகளைப் பலவாறு மாற்றிக் குடைந்து, சுத்தமத்திமம் தானே சரியாகப் பேசும் பாரி நாகசுரத்தை அவருக்குச் செய்து கொடுத்தார். வித்துவான் மறைவதற்கு ஓரிரு ஆண்டுகளே இருந்த காலம் அது. அவர் பெற்ற பயனைக் காட்டிலும் அவருக்குப் பின்வந்தோர் பெற்ற பயனே பெரிது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அவருடைய மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்ததும், 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததும், நாகசுரம் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று கடல் கடந்த தமிழர்க்கும் காதில் பதித்துவிட்டன. திமிரியின் குரலைத் திருமண வீட்டில் இன்று எவரேனும் எழுப்பினால், கருவி பழுதோ என்று கேட்பவரும் இருப்பர்.

உடன் முழங்கும் தவிலும் மாறியது. பலாமரத்தைக் குடைந்த உடலில், மூங்கில் வளையங்களில் கட்டிய தோலை வார்களால் இழுத்துப் பிணைத்த காலம் போய், இரும்பு வளையங்களும் திருகாணிகளும் வந்தன. மழைக்காற்றில் தளரும் தோலை நொடியில் முறுக்கிவிட முடிந்தது. முன்னையினும் மிகுதியாகவும் முறுக்க முடிந்தது. நாகசுரம் தாழ்ந்து கனிந்த அதே நூற்றாண்டில் தவில் இறுகிக் கூர்மை பெற்றது என்பது முரணாகத் தோன்றினும் உண்மை. ஒற்றைச் சுரத்தை விடாது ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரர் பெரும்பாலும் மறைந்து, அவ்விடத்தில் சுருதிப் பெட்டியும் பின்னர் மின்னணுச் சுருதியும் அமர்ந்தன. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அவ்வாறு ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிற்று.

சிங்கப்பூரில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இலும், பெருமாள் கோயில் 1855இலும், நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859இலும் தோன்றின. கோயில்களின் நித்திய பூசைக்கும் திருவிழாவுக்கும் வேண்டிய இசைவாணரைத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைத்துப் பணியில் அமர்த்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவர்களோடு கருவிகளும் வருகின்றன. இங்கே அவை சந்திக்கும் முதல் எதிரி காற்று. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 82 விழுக்காடு அளவில் உள்ளது. விடியலில் 90 விழுக்காட்டைத் தாண்டி, மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. காலைப் பூசைக்கு நனைந்து தடித்திருக்கும் சீவாளி, நண்பகலில் வேறு சீவாளி ஆகிவிடுகிறது. குளிரூட்டப்பட்ட திருமண மண்டபத்திலோ காற்று உலர்ந்து தண்ணென்று இருக்கும். அங்கே இதழ்கள் விரைந்து காய்ந்து சுருங்கும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் குழற்கருவியின் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாழும் என்பது ஒலியியல் கணக்கு. குழலுக்குள் புகுவது உடலின் வெம்மை கொண்ட மூச்சாதலால் அவ்வளவும் வெளிப்படுவதில்லை. ஆயினும் வாயிலில் மாப்பிள்ளை அழைப்பு வாசித்துவிட்டு உள்ளே மணமேடைக்கு வந்தமரும் கலைஞர் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியவரே.

அடுத்தது சுவர். பெருமாள் கோயிலை அடுத்து, பி. கோவிந்தசாமி பிள்ளையின் கொடையால் எழுந்த திருமண மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. தெருவுக்கென்று அமைந்த குரல், கூரையும் சுவரும் சூழ்ந்த கூடத்தில் தன்மீதே திரும்பி மோதுகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது அது வேண்டியதே. தாலி கட்டும் நேரத்தில் வேறெந்த ஒலியும் காதில் விழாமலிருக்கவே கெட்டிமேளம் ஏற்பட்டது. விருந்தினர் உரையாடும் மற்ற நேரத்தில் அக்குரலே மிகையாகிறது. இதன்மேல் ஒலிவாங்கியையும் வைத்துவிடுவது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. எந்த ஊரிலாயினும் தேவையற்ற பழக்கம்.

இவ்விடத்தில் இந்நகரின் வேறொரு மூலையில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயரம் நிற்கும் பழைய பேஸ் வயலின், கூட்ட ஓசையில் கேளாமற்போனது என்பதும், அதனைத் தூக்கிச் செல்வது தொல்லை என்பதும் அதற்குக் காரணங்கள். அவர் தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். செருமானிய ஹாஃப்னர் தொழிலகத்தாரின் பேஸ் கித்தாரில் அது 30 அங்குலமே. ஒரே சுருதிக்கு நீண்ட தந்தியை மிகுதியாக முறுக்க வேண்டும். ஓசை தெளிந்து கட்டுறுதியாக எழும், ஆனால் விரல் அகல வேண்டும். குறுகிய தந்தி தளர்ந்து நிற்கும். ஓசை உருண்டு மழுங்கும், விரலுக்கோ எளிது. திமிரிக்கும் பாரிக்கும் இடையே விரல்கள் கண்ட அதே வழக்குத்தான் இதுவும்.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரின் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வந்து வாசித்துச் சென்றபின், கித்தார்க் குழுக்கள் பெருகின. குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்களிடையே தோன்றிய தி குவெஸ்ட்ஸ் குழு 1964இல் வெளியிட்ட ‘ஷாண்டி’ என்னும் இசைத்தட்டு உள்ளூர் வரிசையில் முதலிடம் பெற்றது. ஹென்றி சுவா அதில் பேஸ் கித்தாரும், இந்திய வம்சாவளியினரான ரெஜி வர்கீஸ் முதன்மைக் கித்தாரும் வாசித்தனர். கட்டையுடல் கொண்ட மின்கித்தார் தானாக ஒலிப்பது மிகக் குறைவு. தந்தியின் அசைவைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக்க, ஓசையைப் பெருக்குவது வேறொரு பெட்டி. அண்டை வீட்டார் முகம் சுளித்தால் ஒரு குமிழைத் திருகினால் போதும். விரல் அசைவிலும் பாட்டிலும் யாதொரு மாற்றமும் நேராது. நாகசுரத்தில் திருகுவதற்குக் குமிழ் இல்லை. அதன் ஓசையின் அளவு சீவாளியிலும் குடைவிலும் கலந்தே பிறந்தது. அதைக் குறைப்பதென்றால் கருவியையே வேறாக்க வேண்டும். அல்லது நிறுத்த வேண்டும். 1973க்குப் பின் காவடிச் சாலையில் நிகழ்ந்தது நிறுத்தம்.

அதனால் நாகசுரம் அழிந்துவிடவில்லை. கோயில்களில் காலசந்தி தொட்டு அர்த்தசாமம் வரை அது ஒலித்தே வந்தது. ஆயினும், நடந்துகொண்டே வாசித்தல் என்பது ஒரு தனிக்கலை. காவடி தாங்கியவரின் அடியொற்றிக் காலம் அமைத்தலும், கூட்டத்தின் களைப்பறிந்து மல்லாரி ஒத்த கம்பீர நடையிலிருந்து காவடிச் சிந்தின் துள்ளலுக்கு மாறுதலும் மண்டபத்தில் அமர்ந்து பயில்வன அல்ல. ஒரு தலைமுறைக்கும் மேலாக இச்சாலையில் அக்கலைக்கு இடமின்றிப் போயிற்று. சண்டையைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. எனினும் சண்டையையும் சுருதியையும் ஒரே கயிற்றால் கட்டியதில் இழப்பு நேர்ந்தது என்பதையும் சொல்லாதிருக்க இயலாது.

2016ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் மேடை அமைத்து நேரடி இசை வழங்க இசைவு தரப்பட்டது. அங்கே கலைஞர் அமர்ந்திருப்பர். காவடிகள் அவர்களைக் கடந்து செல்லும். முன்பு இசை காவடியோடு நடந்தது. இப்போது காவடி இசையை நோக்கி நடக்கிறது. தொலைவில் மெல்லியதாகத் தொடங்கி, அருகே வந்து முழங்கி, மீண்டும் பின்னால் தேய்ந்து மறையும் ஓசையை, தெருவில் நின்றவன் அன்று கேட்டான். இன்று நடப்பவன் கேட்கிறான். வெட்டவெளி, போக்குவரத்தின் இரைச்சல், விடியற்காலத்தின் 90 விழுக்காட்டு ஈரம். திமிரிக்கு ஏற்ற இடத்தில் பாரி நாயனம் ஒலிக்கிறது. மேடையோரத்தில் கலைஞர் ஒருவர் கொத்திலிருந்து ஒரு சீவாளியைக் கழற்றி, ஊசியால் அதன் வாயைச் சற்றே நெருக்கி, நாவில் வைத்து நனைத்துக்கொள்கிறார். அடுத்த காவடி அதற்குள் அருகே வந்துவிடுகிறது.